எரியாத மருந்து

எங்கள் வீட்டில் படிக்கிறவள் என் மனைவிதான். நான் படிக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேடம். இல்லாவிட்டால் என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைத்து நீங்கள் வாக்குமூலத்தில் ஏதாவது எழுதிவிடுவீர்கள். தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி. நிதானமாகவே சொல்கிறேன். நிதானமாகப் பேசுவதுதான் நான் பார்த்த உத்தியோகம்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன். மாடியில் கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு மைக். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது எப்போது புறப்படும், எது இன்று வராது. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பிப்பேன். கனிவும் இருக்காது, கவனமும் இருக்காது. தன் ஊரின் பெயர் காதில் விழும்வரை கேட்பார்கள், விழுந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் முதுகு தெரியும். குறையாகச் சொல்லவில்லை, அவரவர் அவசரம் அவரவருக்கு. கடைசியில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் யாரோ ஒரு பெண்ணின் குரல். அதற்குச் சளி பிடிக்காது, சம்பளம் வேண்டாம். என்னை விசாரணைக் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை கழிவறை எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டைகளில் பொத்தான் ஒழுங்காக இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்க்கும் மேஜை. கல்யாணமான புதிதில் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லைன்னா, தினமும் கொஞ்ச நேரம் படிச்சுக்கட்டுமா?" தாராளமாகப் படி என்றேன். கொஞ்ச நேரம் என்றால் கொஞ்ச நேரம் என்று நினைத்துவிட்டேன்.

அவள் நேரத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று யாருக்கும் தெரியாது. உலை கொதிக்கும்போது படிப்பாள், அடுப்புக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்து, பக்கம் மூடாமல் இருக்க மேலே கரண்டியை வைப்பாள். தொழிற்சாலையில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு ஊர்க்கதை பேசும்போது இவள் மாடிப்படியில் உட்கார்ந்து படிப்பாள். காய்கறிப் பைக்குள் துணி வைத்துத் தனியாக ஒரு உறை தைத்திருந்தாள், கீரையின் ஈரம் புத்தகத்தில் படாமல் இருக்க. மகள் பிறந்தபோது குழந்தையை ஒரு கையில் வைத்துப் பாலூட்டிக்கொண்டே மறுகையால் பக்கம் திருப்பினாள். அதற்காக வீட்டு வேலையில் ஒரு குறையும் வைத்ததில்லை. சோறு குழைந்ததில்லை, சட்டை கசங்கியதில்லை. குறை வைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எனக்கு ஒரே ஒரு சங்கடம்தான். அவள் படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சிரிப்பாள். என்ன என்று கேட்பேன். "சொன்னா சிரிப்பு வராதுங்க" என்பாள். சில சமயம் கண் கலங்கியிருக்கும். அதற்கும் அதே பதில்தான். நானும் ஓரிரு முறை அந்தப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், ஒருத்தி சிரிக்கிறாள், இன்னொருவனுக்குக் காரணம் தெரியாது. இப்படியே மகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். வாயைத் திறந்து ஒருநாளும் நான் குறைப்பட்டதில்லை. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறார்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குக் கண்புரை வந்தது. அறுவை செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது, ஆனால் சில வாரங்களுக்குப் புத்தகத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. அலமாரிக்கு முன்னால் போய் நிற்பாள், திரும்புவாள், மறுபடியும் போவாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மனசு கேட்காமல், "நான் வேணும்னா படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன்.

முதல் நாள் எப்படிப் படித்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? பழக்கதோஷம். ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக நிறுத்தி, கடைசிச் சொல்லை இழுத்து. அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள். "ஏங்க, கதாநாயகி எந்த நடைமேடைக்கு வர்றாங்க?" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தோம்.

பிறகு பழகிக்கொண்டேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தலை என் பக்கம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் 'ம்' என்பாள். கதை கேட்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான், புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், மேடம். அத்தனை வருஷம் மைக்கில் பேசியிருக்கிறேன். ஒருவர்கூட எனக்கு 'ம்' கொட்டியதில்லை.

அந்த நாட்கள் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. இதை நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று சொன்ன மறுநாள், நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்று சாயங்காலம் படிக்க வேண்டிய அத்தியாயம் எனக்கே ஆவலாக இருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கதை, அண்ணன் திரும்பி வருவானா மாட்டானா என்ற இடத்தில் நிறுத்தியிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அவள் அந்தப் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டாள். "என்ன ஆச்சு, அண்ணன் வந்தானா?" என்று கேட்டேன். "நீங்களே படிச்சுப் பாருங்க. உங்களுக்குத்தான் இப்போ படிக்கத் தெரிஞ்சிடுச்சே" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். அவளுக்கு மனதில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணன் வந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தனியாகப் படிக்க எனக்கு மனசில்லை.

அறுவைக்குப் பிறகு செய்த பரிசோதனைகளின்போதுதான் அவளுக்குக் கண்ணில் அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வலிக்காது, சிவக்காது, கண்ணின் நரம்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடும் வியாதி. டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டு, அதை ஓரத்திலிருந்து பேனாவால் கறுப்பாக்கிக்கொண்டே வந்து காட்டினார். "பக்கவாட்டுப் பார்வைதான் முதல்ல போகும். கடைசியாத்தான் நடு. போனது போனதுதான், திரும்பாது. ஆனா இந்தச் சொட்டு மருந்தை ஆயுசு முழுக்க விடாமப் போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது." எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று பிறகு யாராவது எனக்காகப் பேசினால் நம்பாதீர்கள்.

சொட்டு மருந்தை அவளால் தானே போட்டுக்கொள்ள முடியவில்லை. கை நடுங்கும், சரியாகச் சொட்டு விழும் நேரத்தில் இமை மூடிக்கொள்ளும், மருந்து கன்னத்தில் வழியும். அதனால் நான் போட்டேன். காலையில், மதியம், இரவு சாப்பாட்டுக்கு முன். நேரம் தவறமாட்டேன், அது மட்டும் நிலையத்தில் கற்ற பாடம். அவள் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்வாள். நான் கீழ் இமையை விரலால் இழுத்து ஒரு சொட்டு விடுவேன். "அப்பாடா, எரியுது" என்பாள். எரியும் மருந்துதான் அது. கொஞ்ச நேரம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பிறகு எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொள்வாள்.

ஒருமுறை மருந்து தீர்ந்துவிட்டது. கடையில் சரக்கு இல்லை, நாளைக்கு வரும் என்றார்கள். அவள் பயந்த சுபாவம், ஒரு வேளை மருந்து தவறினாலும் உலகமே இருண்டுவிட்டது போலப் பேசுவாள். எதற்குக் கவலைப்படுத்த வேண்டும் என்று, கண் கழுவுவதற்கு வாங்கி வைத்திருந்த சுத்தமான நீரைக் காலிக் குப்பியில் ஊற்றி அதிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு எரியவே இல்லைங்க. உங்க கை பக்குவப்பட்டுடுச்சு" என்று சொல்லி, என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மருந்து வந்துவிட்டது. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். பையில் மருந்து இருக்கும்போதே கையால் தண்ணீரை விட்டேன். அன்றும் எரியவில்லை என்றாள். அதற்கடுத்த நாள் மருந்தை விட்டிருந்தால் ஏன் எரிகிறது என்று கேட்டிருப்பாள், என்ன பதில் சொல்வது? புலி வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. விட்டாலும் ஆபத்து, விடாவிட்டாலும் ஆபத்து. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, மேடம். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வேறு கம்பெனி மருந்து, இது எரியாது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன்.

எல்லாவற்றையும் சுத்தமாகவே செய்தேன். குப்பியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவிக் காயவைத்துத்தான் நீரை நிரப்புவேன். அவள் கண்ணில் ஒரு பீளைகூடக் கட்டியதில்லை. மாதாமாதம் கடையில் மருந்தும் தவறாமல் வாங்கினேன், வாங்காவிட்டால் கடைக்காரர் கேட்பார். அதைக் குளியலறையில் ஊற்றிவிடுவேன். சொந்தக்காரர்கள் வந்தால், கண்ணை இமை காக்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

டாக்டருக்குத்தான் ஆச்சரியம். அழுத்தம் இறங்கவே இல்லை. மருந்தை மாற்றிப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். நான் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை மட்டும் மாற்றிக்கொண்டேன். "சொட்டு ஒழுங்காப் போடுறீங்களா?" என்று அவர் கேட்டபோது நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவளே சொன்னாள். "ஒரு வேளைகூடத் தவறினது இல்லை டாக்டர். இவர் பஸ் நிலையத்துல இருந்தவர். வண்டி தவறினாலும் இவர் தவறமாட்டார்." அறுவை செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். இவளுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "உனக்குப் பயமா இருந்தா வேண்டாம்மா" என்றுதான் சொன்னேன்.

டாக்டர் சொன்னபடியே ஓரங்கள்தான் முதலில் போயின. அங்கேதான் எனக்கு ஒரு சோதனை. நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்வேன். அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற நான் தெரியவில்லை, எதிரே விரித்த புத்தகம் தெரிந்தது. கதவு நிலையில் இடித்துக்கொண்டாள், தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள், ஆனால் படித்துக்கொண்டே இருந்தாள். குழாய்க்குள் பார்ப்பது போல இருக்கிறது என்பாள், தலையை வரிக்கு வரி நகர்த்துவாள், விரலை வைத்துக்கொள்வாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. நான் அவசரப்படவில்லை. காத்திருந்தேன்.

பிறகு ஒருநாள், காலையில்தான், புத்தகத்தை மூடி என் பக்கம் நீட்டினாள். கையை இடம் தெரியாமல் கொஞ்சம் தள்ளி நீட்டினாள். "எழுத்தைக் காணோங்க" என்றாள். அழவில்லை. "கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா?"

அவளுக்காக அழுதேன், நிஜமாகவே அழுதேன். அழுது முடித்துவிட்டுப் படித்தேன். 'ம்' என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் படித்தேன். நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் மாற்றிக்கொண்டு வருவதும் நான்தான். வாழ்நாள் முழுக்கப் படிப்பதற்கு நேரத்தைத் திருடித் திருடிச் சேர்த்தவள் அவள். இப்போது அந்த நேரம் என் கையில் இருந்தது. நான் கொடுத்தால்தான் உண்டு. சில நாள் வேண்டுமென்றே வெளியே போய் உலாத்திவிட்டுத் தாமதமாக வருவேன். வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பாள், சின்னப் பிள்ளை கேட்பது போல. எனக்காக அப்படி ஒருவர் காத்திருந்து நான் பார்த்ததில்லை. பார்த்ததைத்தான் சொல்கிறேன், பெருமைக்காகச் சொல்லவில்லை.

மகள் ஒருமுறை வந்தபோது கதைகளைத் தானே வாசித்துச் சொல்லும் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வந்தாள். "அப்பாவுக்கும் தொண்டை வலிக்குமில்ல" என்றாள். அதிலும் ஒரு பெண் குரல். என் மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்கக் கேட்டாள். மகள் ஊருக்குப் போன பிறகு அது வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. விழுந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். உங்களிடம் போட்டேன் என்று சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மகள் உங்களிடம் சொன்னாளா, தெரியவில்லை. நான் படித்ததெல்லாம் புத்தகத்தில் உள்ளபடி இல்லை. முதலில் நீளமான வர்ணனைகளைத் தாண்டுவேன், அவ்வளவுதான். ஒருநாள் அவள் தன் சொந்த அலமாரியிலிருந்து பழைய நாவல் ஒன்றைக் கேட்டாள். தொழிற்சாலை நாட்களில் மாடிப்படியில் உட்கார்ந்து பலமுறை படித்த புத்தகம், அட்டை நைந்து போயிருந்தது. அதில் ஒரு பெண், புருஷன் வெளியே போயிருக்கும் நேரத்தில், ஒரே ஒரு பெட்டியுடன் வீட்டை விட்டுப் போகிறாள். அவன் அடித்தவன் இல்லை, குடித்தவன் இல்லை. சாதாரண மனிதன். அப்படிப்பட்டவனை விட்டு எதற்குப் போக வேண்டும்? என் வாய் அதைப் படிக்க மறுத்துவிட்டது. தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பெட்டியை இறக்கி வைத்தாள் என்று நானே சொல்லி முடித்தேன்.

'ம்' வரவில்லை. "அப்படி இல்லையே. அவ திரும்பி வரமாட்டாளே" என்றாள்.

"புத்தகத்துல இருக்கிறதைத்தானே படிக்கிறேன். உனக்கு மறந்துபோச்சு" என்றேன்.

"எத்தனையோ தடவை படிச்சிருக்கேங்க."

"வயசாச்சில்ல. எனக்கும்தான் மறக்குது."

அவள் விரல்களை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்போ மறந்துதான் போச்சு போல" என்று ரொம்ப மெதுவாகச் சொன்னாள். அன்றிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்வதை விட்டுவிட்டாள். உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக்கூட என்னைக் கேட்டுக்கொண்டுதான் சொல்வாள். எனக்கு அது வசதியாகவே இருந்தது. வேறு பல கதைகளையும் நான் கொஞ்சம் சரிசெய்தேன்.

மகள் இந்த முறை லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நான் நூலகம் போயிருந்தேன், திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மதியச் சொட்டு நேரம் தாண்டிவிட்டது. நேரம் தவறியது அந்த ஒரே முறைதான். மேஜையில் இருந்த குப்பியில் நீர் தீரும் நிலையில் இருந்ததால், என் அலமாரியிலிருந்து புதுக் குப்பியை எடுத்து மூடியை உடைத்து அவளே அம்மாவுக்குச் சொட்டு விட்டிருக்கிறாள். என் மனைவி துள்ளிவிட்டாளாம்.

"என்னடி போட்டே, இப்படி எரியுது?"

"மருந்துதாம்மா. எரியும்னு இதுலயே போட்டிருக்கு."

"அப்பா போட்டா எரியாதே. வருஷக்கணக்கா எரிஞ்சதே இல்லையே."

நான் நனைந்துகொண்டு வீட்டுக்குள் வந்தபோது மகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒரு கண் மட்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பழைய குப்பியிலிருந்து ஒரு கண்ணிலும் புதுக் குப்பியிலிருந்து மற்றக் கண்ணிலும் தனக்கே விட்டுப் பார்த்திருக்கிறாள். சாமர்த்தியசாலி. அந்தச் சாமர்த்தியம் அம்மாவிடமிருந்து வந்தது. "இதுல என்னப்பா இருக்கு?" என்று பழைய குப்பியை நீட்டினாள். தண்ணீர் என்றேன். பொய் சொல்லிப் பயனில்லை. எத்தனை நாளாக என்று கேட்டாள். கிட்டத்தட்ட ஆரம்பத்திலிருந்தே என்றேன்.

அவள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நிஜ மருந்தைப் போட ஆரம்பித்ததும் இரண்டே வாரத்தில் அழுத்தம் பாதியாக இறங்கிவிட்டதாம். டாக்டர் அந்த அளவை நம்பாமல் இரண்டாம் முறையும் எடுத்துப் பார்த்தாராம். செத்த நரம்பு செத்ததுதான். இதைச் சொல்லும்போது மகளுக்கு அழுகை வந்தது, எனக்குமே கஷ்டமாக இருந்தது.

மகள்தான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. குரலை உயர்த்தாமல், சமையலறைப் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ அந்தக் கதையில அவ திரும்பி வரலைதானே?"

"வரலை" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. கண் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு நேற்றுவரை என்னிடம் பேசவும் இல்லை. நான் படிக்கட்டுமா என்று கேட்டால் கையை மட்டும் உயர்த்தி வேண்டாம் என்று காட்டுவாள். மகள் படிக்கட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள்.

மேடம், நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என் மனைவியின் பார்வையைத் தெரிந்தே, திட்டமிட்டு, நான்தான் போக்கினேன். அவள் கெட்டுப் போக வேண்டும் என்று அல்ல. அவள் என்னோடு இருக்க வேண்டும் என்று. இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

நேற்று நடந்ததையும் கேட்டீர்கள். சாயங்காலம் அவள் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பழைய நாவல் விரிந்திருந்தது. தடவிப் பார்த்தே எடுத்திருக்கிறாள். கண்கள் திறந்திருந்தன. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பக்கத்தைத் திருப்பினாள், முன்பெல்லாம் திருப்புவாளே அதே வேகத்தில். கிட்டப் போய்ப் பார்த்தேன். புத்தகம் தலைகீழாக இருந்தது. பாவமாக இருந்தது எனக்கு.

"தலைகீழாப் பிடிச்சிருக்கே" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

எதிரே உட்கார்ந்துகொண்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு பக்கம் திருப்பினாள். பிறகு இன்னொன்று. பிறகு அவள் உதடு விரிந்தது, சிரித்தாள். நல்ல சிரிப்பு, தானாக வந்த சிரிப்பு. என்ன என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அவள் இன்னொரு பக்கம் திருப்பினாள்.

அந்தப் புத்தகத்தை நான் அவள் கையிலிருந்து எடுத்தேன். பிடுங்கினேன் என்று மகள் சொல்கிறாள், எடுத்தேன் என்றுதான் நான் சொல்வேன். அவள் விடவில்லை, ஒரு தாள் கிழிந்து அவள் கையோடு போய்விட்டது. வாசலில் மகள் நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்ததே நான் அப்போது சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் என்கிறாள். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். "போதும்மா, வெளிச்சமே இல்லை. இதுக்கு மேல படிச்சா கண்ணு கெட்டுடும்" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.